நாலாவது வார்த்தையில் ஒரு கை

என் மகனுடைய இசைக்குழுவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ரயில் வராத நேரத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பது.

பாட்டுகளைப் பதிவு செய்ய இடம் தேடி நான்கு மாதம் அலைந்து, கடைசியில் அண்ணனூரில் ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு சபைக் கூடத்தைப் பிடித்திருந்தார்கள். தகரக் கூரை. நீளம் நாற்பத்தொரு அடி, அகலம் இருபத்தேழு. சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்து உள்ளே எதிரொலி வராமல் செய்துவிட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து வரும் ஹாரனை மெத்தை தடுக்காது. அரக்கோணம் வண்டி, ஆவடி வண்டி, நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ், பணிமனைக்குப் போகிற காலி வண்டி என்று ஏதாவது ஒன்று ஊதிக்கொண்டே போகும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பதினேழு முறை வாசித்து பதினேழும் கெட்டுப்போனது என்று மகன் வந்து சொன்னான்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்து மூன்று வருடம் நேர ஆய்வுப் பிரிவில் இருந்தவன். ஒரு தொழிலாளி ஒரு உருப்படியை எடுத்து இயந்திரத்தில் வைத்து, கடைந்து, கழற்றி, கூடையில் போட எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்று எழுதுவது என் வேலை. எழுதிய பிறகு அதில் எத்தனை விநாடியைக் குறைக்கலாம் என்று சொல்வதும் என் வேலைதான். நான் வருவதைப் பார்த்தால் "எமகண்டம் வந்துடுச்சுடா" என்பார்கள். எனக்குக் கேட்கும்படியே சொல்வார்கள்.

ஆகவே மூன்று ஞாயிறுகள் அந்தக் கூடத்தின் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒன்றிலிருந்து ஐந்து மணி வரை எல்லா ஹாரனையும் குறித்தேன். மூன்று நாளுக்கும் பொதுவாக ஒரே ஒரு நீண்ட இடைவெளி அகப்பட்டது. இரண்டு இருபதுக்குத் தொடங்கி ஏறக்குறைய பதினான்கு நிமிடம். சரக்கு வண்டி வந்தால் அதுவும் போச்சு. அதற்கு நான் பொறுப்பல்ல என்று மகனிடம் அப்போதே சொல்லிவிட்டேன்.

குழுவில் மூன்று பேர்தான். பாட்டெல்லாம் எழுதி, கிதார் வாசித்துப் பாடுகிறவர் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். வானகரத்தில் அடுக்குமாடியில் இருந்துகொண்டு கணினிக் கம்பெனிக்குப் போகிறவர். பாஸ் கிதார் வாசிப்பவர் அந்த சபையைச் சேர்ந்த பெந்தெகொஸ்தேக்காரர், பிழைப்புக்கு ஏ.சி. மெக்கானிக். என் மகன் டிரம்ஸ். நாங்கள் கத்தோலிக்கர்கள். அவனுக்கு அப்போது நாற்பத்தொன்று. ஒரு மருந்துக் கிடங்கில் மேற்பார்வை வேலை, மனைவி, ஒரு பெண் குழந்தை. நான் அவர்களோடு இருக்கிறேன்.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் சி.எஸ்.ஐ. கோயில்களில் மூன்று மணி நேர ஆராதனை உண்டு. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கம். சின்ன வயதில் அதை வியர்க்க வியர்க்க உட்கார்ந்து கேட்ட கிதார்க்காரர், ஏழுக்கும் ஏழு ராக் பாட்டாகப் போட்டிருந்தார். இடையில் பேச்சு கிடையாது, கைதட்டல் கிடையாது, ஒன்று முடிந்ததும் அடுத்தது. மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம். துண்டு துண்டாக வாசித்து கம்ப்யூட்டரில் ஒட்டக் கூடாது, ஒவ்வொரு பாட்டையும் மூன்று பேரும் ஒன்றாக, ஒரே மூச்சில் வாசித்துத்தான் பதிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதனால்தான் ஹாரன் இத்தனை பெரிய பிரச்சினையாயிற்று.

நாலாவது வார்த்தை, கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் தெரியும், ஏன் என்னைக் கைவிட்டீர் என்கிற அந்தக் கூக்குரல். பாட்டுகளில் அதுதான் பெரியது, பதினொன்றே முக்கால் நிமிடம். அதன் நடுவில் குரல் நின்றுபோய் வாத்தியங்கள் மட்டும் அலறுகிற ஒரு பகுதி வரும். நாலு தட்டு ஒரு சுற்று என்றால், அறுபத்து நாலு சுற்று. அது முடிகிற இடத்தில் டிரம்ஸ் ஒரே அடியாக நின்று, குரல் மட்டும் தனியாகத் திரும்பி வரும்.

என் பதினான்கு நிமிடத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"இன்னா நைனா, லைன் கிளியரா?" என்பார் பாஸ் வாசிப்பவர். ஏ.சி. ஓடினால் சத்தம் பதிவாகும் என்று அதை அணைத்து வைத்திருப்பார்கள். "ஊரெல்லாம் ஜில்லுனு பண்ணி வுட்டுட்டு வந்து இங்க வெந்துகினு கீறேன் பாரு."

"வேகட்டும்வே. நாலாவது வார்த்தைக்கு ஜில்லுன்னு இருந்தா சரியா வராது," என்பார் கிதார்க்காரர்.

"நீ சொல்லுவ மாமே. உன் ஆபீஸ்ல ஸ்வெட்டர் போட்டுகினு உக்காருற ஆளு நீ."

மகன் சிரிக்க மாட்டான். அவர்கள் பேசுவதை முழுதும் கவனிக்காதவன்போல ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருப்பான். அவன் சுபாவம் அப்படி என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு நாலாவது பாட்டை எடுத்தார்கள். ஏழாவது நிமிடத்தில், கால அட்டவணையில் இல்லாத ஒரு சரக்கு வண்டி கூடத்தையே உலுக்குகிற மாதிரி ஊதியது. நான் கதவைத் தட்டினேன். கிதார் நின்றது. பாஸ் நின்றது. என் மகன் மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தான். குனிந்த தலை நிமிரவில்லை. நான் எண்ணினேன். ஆறு சுற்று. ஏழாவதில் மற்ற இருவரும் தன்னைப் பார்ப்பது தெரிந்து நிறுத்தினான்.

"சாமி வந்துடுச்சா உனக்கு?" என்றார் பாஸ் வாசிப்பவர். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் சொன்னேன். அவள் பீரோவிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தாள். காது பரிசோதனைச் சீட்டு. மூன்று சீட்டுகள், மூன்று தேதிகள். வரைபடம் படிக்க எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இடது காதின் கோடு அடியில் கிடந்தது. வலது காதின் கோடு ஒவ்வொரு சீட்டிலும் இன்னும் கொஞ்சம் கீழே வளைந்திருந்தது.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"சத்தத்தை விட்டா இருக்கிறது நிக்கும், விடலைன்னா அதுவும் போயிடும்னாரு மாமா. இந்த ஏழு பாட்டும் முடியட்டும்னு இவரு சொல்றாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"ஏன்?"

"நீங்க நாள் எண்ண ஆரம்பிச்சிடுவீங்களாம்."

அவன் சொன்னது சரிதான். அன்றே ஆரம்பித்துவிட்டேன்.

அவனோடு இரண்டு நாள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அதுவரை தாளம் தவறாமலிருக்க ஹெட்ஃபோனில் டிக் டிக் என்று ஒரு ஓசையை ஓடவிட்டு, அது கேட்பதற்காக ஒவ்வொரு வாரமும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயிருந்தான். இனி அவன் ஹெட்ஃபோன் போடுவதில்லை. வலது காதில் டாக்டர் கொடுத்த அடைப்பான் இருக்கும். தாளம் அவன் கைக்குத் தெரியும், அதற்கு டிக் டிக் தேவையில்லை. எத்தனையாவது சுற்று என்பதுதான் தெரியாது, மற்றவர்கள் வாசிப்பது காதில் விழாததால். அதை நான் எண்ணுகிறேன். அறுபதாவது சுற்று முடிந்ததும் அவனுக்கு எதிரே நின்று நாலு விரலை விரித்துக் கையை உயர்த்துவேன். சுற்றுக்கு ஒரு விரலாக மடக்குவேன். நாலும் மடங்கி முஷ்டியானதும் அவன் நிறுத்த வேண்டும்.

மற்ற இருவரிடமும் உண்மையைச் சொன்னான். பாஸ் வாசிப்பவர், "நைனா கவுன்டிங் மிஷின் மாதிரி, தப்பே வராது," என்றார்.

தப்பு வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டாவது ஞாயிறே நாலாவது பாட்டு சுத்தமாகப் பதிவானது. அறுபத்து நாலில் என் முஷ்டி மூடியது, டிரம்ஸ் நின்றது, அந்த வெற்றிடத்தில் குரல் தனியாக எழுந்தது. எனக்கு ராக் பிடிக்காது. அப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் என் விரல்களைப் பார்த்துக்கொண்டு என் மகன் வாசித்ததை நான் வேறு எதனோடும் ஒப்பிட மாட்டேன். அவன் ஆறாம் வகுப்பில் எழுதிப் பார்த்த கணக்கை என்னிடம் காட்டிய பிறகு, ஒரு விஷயத்துக்காக என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஏழு பாட்டும் முடிந்தன. அரங்கேற்றம், ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன் வரும் குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மாலை, வானகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். எங்கள் பங்குக் கோயிலின் அரங்கைக் கேட்டுப் பார்த்தான். தவக்காலத்தில் பீடத்தில் பூ வைப்பதில்லை, இசைக்கருவிகளைக் கூட அடக்கித்தான் வாசிக்கிறோம், அந்த நாளிலா டிரம்ஸ் என்று சாமியார் மறுத்துவிட்டார். சபையின் பாஸ்டர்தான் மண்டபம் பேசிக் கொடுத்தார்.

நாற்காலிகள் முந்நூற்று இருபது. வந்தவர்கள் இருநூற்றுப் பதினொரு பேர். ஆனால் ஒலிபெருக்கி மூவாயிரம் பேருக்குக் கேட்கிற மாதிரி. டிரம்ஸுக்கு வலது பக்கம், ஆறடி தூரத்தில், என் உயரத்துக்கு ஒன்றின்மேல் ஒன்றாக நாலு பெட்டி அடுக்கியிருந்தார்கள். தள்ளி வைக்கச் சொன்னேன். வயர் எட்டாது என்றார்கள். மகனிடம் சொன்னேன். "ஒரு மணி நேரம்தானேப்பா," என்றான்.

நான் மேடையின் பக்கத்துத் தூணுக்குப் பின்னால், அவனுக்கு மட்டும் தெரிகிற இடத்தில் நின்றேன். சபைக் கூடத்தில் கேட்ட சத்தம் இதற்குக் கால்வாசிகூட இல்லை. என் விலா எலும்பு அதிர்ந்தது. மூன்றாவது பாட்டு முடிந்து நாலாவது தொடங்குகிற அந்தச் சில விநாடியில், என் மகன் வலது காதிலிருந்து அடைப்பானைப் பிடுங்கித் தரையில் போட்டான்.

எதற்கு என்று எனக்குத் தெரியும். அவன் வாழ்க்கையில் வாசித்த மிகப் பெரிய பாட்டு, இன்னொரு முறை அதை வாசிக்க வாய்ப்பில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். நான் கையை ஆட்டினேன். காதைத் தொட்டுக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை.

நடுப்பகுதி வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். அந்த நாலு பெட்டிகளையும் அவன் வெறும் காதையும் மாறி மாறிப் பார்த்தேன். பத்தாவது சுற்றில் அந்த வரைபடத்தின் கோடு கண்ணுக்குள் வந்தது. இருபதாவதில் கணக்குப் போட்டேன். இன்னும் நாற்பத்து நாலு, சுற்றுக்கு மூன்று விநாடி, இரண்டு நிமிடத்துக்கு மேல். இருபத்தெட்டு முடிந்ததும் கையை விரித்து உயர்த்தினேன்.

அவன் உடனே பார்த்தான். மடக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. முப்பத்திரண்டாவது சுற்றில் அவன் ஓங்கி அடித்து நிறுத்தினான்.

கிதாரும் பாஸும் போய்க்கொண்டே இருந்தன. காலுக்குக் கீழே தரை இல்லாதவர்களைப் போல இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று தடுமாறி அவர்களும் நிறுத்தினார்கள். மண்டபம் முழுக்க அமைதி. கிதார்க்காரருக்கு வேறு வழியில்லை, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கூக்குரலைப் பாடினார். வாத்தியம் எதுவும் சேரவில்லை. என் மகன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மிச்சம் மூன்று பாட்டுக்கும் அவன் கை எழவில்லை. மற்ற இருவர் மட்டும் ஒப்பேற்றி முடித்தார்கள்.

திரை இழுத்ததும் கிதார்க்காரர் வந்தார். அவர் குரல் உடைந்திருந்தது. "முப்பத்தி ரெண்டுலயே நிறுத்திட்டியேல. என்ன ஆச்சு?"

"அப்பா கை காட்டினாரு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எழுபத்து மூன்று வயது எனக்கு. ஒரு எண்ணைத் தவறாகச் சொன்னேன் என்று ஒருவர் சொல்ல விட்டதில்லை. வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. மூன்று பேர் இரண்டு வருடம் கட்டியதை நான் நடுவில் வெட்டியிருந்தேன்.

"நான் கையே தூக்கலையே," என்றேன்.

"தூக்கினப்பா. விரல் மடக்கின. நான் பார்த்தேன்."

"இல்லப்பா."

அவன் முகம் எப்படி ஆயிற்று என்பதை எழுதப் போவதில்லை.

அப்போது பாஸ்டர் உள்ளே வந்தார். நல்ல மனிதர். வண்டி ஓட்டிப் பிழைத்துக்கொண்டே சபை நடத்துகிறவர், யாரையும் ஏமாற்றத் தெரியாதவர். அவர் கண்கள் கலங்கியிருந்தன. வெளியே ஜனங்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள், அந்த நாலாவது பாட்டில் மேளம் சட்டென்று நின்றபோது சிலுவையடியில் நின்ற மாதிரி இருந்தது என்று சொல்கிறார்கள் என்றார். நடந்ததைப் பாஸ் வாசிப்பவர் சொன்னார். கை தெரிந்தது, ஆனால் நைனா கையைத் தூக்கவில்லை.

பாஸ்டர் என் மகனுடைய தலைமேல் கை வைத்தார். "பிரதர், அப்பா தூக்கலைன்னா, அப்ப தூக்கினது யாரு?"

என் மகன் மெல்ல என் பக்கம் திரும்பி, "நெஜமாவே நீ தூக்கலையாப்பா?" என்று மறுபடி கேட்டான். சொல்வதற்கு எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது. நான் தலையை ஆட்டினேன்.

மறுவாரமே அவன் டிரம்ஸை மூட்டை கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்தான். யாரும் சொல்லாமல், சண்டை போடாமல். காதில் அடைப்பானோடு வேலைக்குப் போனான். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "கர்த்தரே போதும்னு சொல்லிட்டாரு, அப்புறம் என்ன," என்றான். நாங்கள் ஆண்டவர் என்றுதான் சொல்வோம். கர்த்தர் என்ற சொல் எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் கேட்டது. மருமகள் சமையலறையில் என்னிடம், "எப்படியோ விட்டாரு மாமா, அது போதும்," என்றாள். எனக்கும் போதும் போலத்தான் இருந்தது. அடுத்த பரிசோதனையில் கோடு கீழே இறங்கவில்லை.

ஆனால் சாட்சி சொல்ல அழைத்தார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் அது வழக்கம், தங்கள் வாழ்க்கையில் தேவன் செய்ததை எழுந்து சொல்ல வேண்டும். முதலில் அண்ணனூர்க் கூடத்தில் சொன்னான். பிறகு பூந்தமல்லியில், செம்பரம்பாக்கத்துப் பக்கம் ஒரு ஜெபக் கூட்டத்தில், ஆவடியில் இரண்டு இடத்தில். நான் ஒரு முறை போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். "எங்கப்பா கை மாதிரியே இருந்துச்சு. அதே விரல், அதே மாதிரி மடங்குச்சு. ஆனா எங்கப்பா இல்ல," என்றான். கூட்டம் ஸ்தோத்திரம் என்று முழங்கியது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க குடுத்து வெச்சவங்க ஐயா," என்றார்கள். அந்தக் கையைத்தான் பிடித்திருந்தார்கள்.

ஆறாவது சாட்சிக்குப் பிறகு ஞாயிறு பூசைக்கு வருவதை நிறுத்தினான். பத்தாவதுக்குப் பிறகு, கிடங்கு வேலையை விட்டுவிட்டு சபையில் முழுநேர ஊழியத்துக்குப் போவதாகச் சொன்னான். ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்திருந்தான். மருமகள் அழுதாள். குழந்தைக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அவனுடையது.

அந்த சனிக்கிழமை நான் எங்கள் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். குருத்து ஞாயிறிலிருந்து பூசையில் நற்கருணை அப்பம், நாங்கள் நன்மை என்போம், வாங்கவில்லை, இருபத்து மூன்று ஞாயிறுகள். சாமியார் எல்லாவற்றையும் கேட்டார்.

"அவன்கிட்ட சொல்லுங்க," என்றார்.

"சொன்னா திரும்ப வாசிக்கப் போயிடுவான், ஃபாதர். காது போயிடும்."

"ஆண்டவர் பேர்ல அவன் பொய் சொல்லிட்டிருக்கான், அவனுக்கே தெரியாம. அந்தப் பொய் உங்களோடது." பிறகு மெதுவாக, "காதுக்கு என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியல," என்றார்.

திங்கட்கிழமை கடிதம் கொடுப்பதாக இருந்தான். ஞாயிறு மாலை மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவனிடம் போய், வலது பக்கம் நின்று சொன்னேன். பெட்டிகளைப் பார்த்தது, அடைப்பானைப் பார்த்தது, இருபத்தெட்டு, முப்பத்திரண்டு எல்லாவற்றையும். அவன் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு துணியாக எடுத்துத் தோளில் போட்டான். பதினொரு துணி. கடைசியில், "ரெண்டு தடவை கேட்டேனே," என்றான்.

"ஆமா."

"எத்தனை பேர் முன்னாடி அழுதிருக்கேன் தெரியுமா?"

எனக்குத் தெரியும். ஒவ்வொரு இடமாகக் கேட்டுக் கணக்கு வைத்திருந்தேன். சொல்லவில்லை.

அவன் கடிதம் கொடுக்கவில்லை. சாட்சி சொன்ன ஒவ்வொரு இடத்துக்கும் போய், அது என் அப்பாவின் கைதான் என்று எழுந்து சொல்லிவிட்டு வந்தான். ஒரு இடத்தில் சொல்ல விடவில்லை. ஒரு இடத்தில், அப்பாவின் கையைத் தூக்க வைத்ததும் கர்த்தர்தான் என்று சொல்லிக் கைதட்டினார்களாம். அதை வந்து மருமகளிடம் சொன்னான். என்னிடம் நேராக எதுவும் பேசவில்லை. வீட்டில் அவனும் நானும் பேசாத நாட்கள் அறுபத்தெட்டு.

பிறகு மாடிப்படிக்குக் கீழே இருந்த மூட்டையை எடுத்துக்கொண்டு போனான். நாலாவது வார்த்தை முழுசாக ஒரு தடவையாவது ஜனங்கள் முன்னால் வாசிக்கப்பட வேண்டும் என்று மூவரும் முடிவு செய்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்கிற உரிமையை இழந்திருந்தேன். மருமகள் சொல்லிப் பார்த்தாள். "இது மட்டும்," என்றானாம்.

இது மட்டும் என்பது, ஒத்திகைகளையும் சேர்த்து, ஐந்து வாரம் ஆயிற்று. கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம் அண்ணனூர்க் கூடத்தில் ஏழு பாட்டையும் வாசித்தார்கள். என்னை அழைக்கவில்லை. நான் போனேன். உள்ளே போகாமல், பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே நின்றேன். எதிரே யாரும் கை காட்டவில்லை. பாஸ் வாசிப்பவர் தன் வலது காலை அவன் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, சுற்றுக்கு ஒரு முறை அழுத்தினாராம். பிறகு கேள்விப்பட்டேன். நடுவில் ஒரு ஆவடி வண்டி ஊதிக்கொண்டு போனது. யாரும் நிறுத்தவில்லை. அறுபத்து நாலில் டிரம்ஸ் நின்றது. நான் வீடு வரை நடந்தே வந்தேன்.

பிப்ரவரியில் வலது காதின் கோடும் அடியில் போய்ச் சேர்ந்தது. அந்தச் சத்தத்தால்தானா, எப்படியும் போயிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். மருமகள் வெளியே வராந்தாவில் என்னைப் பார்க்காமல், "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் மாமா," என்றாள். ஒரு வாரம் கழித்து, "இல்ல, சொன்னதுதான் சரி," என்றாள். எது அவள் முடிவு என்று எனக்கு இன்னும் தெரியாது. எனக்கே எது என் முடிவு என்று தெரியாது. பூசையில் நன்மை வாங்குகிறேன். வாங்கிவிட்டு வந்து முழந்தாளிடும்போது நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

இப்போது அவனுக்குக் காதுக் கருவி மாட்டியிருக்கிறார்கள். அதில் இரைச்சல்தான் அதிகம் என்கிறான். வேலையில் எல்லாரும் எழுதிக் காட்டுகிறார்கள். வீட்டில் நாங்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறான். மனைவி பேசுவது புரிகிறது, மகள் பேசுவது நன்றாகவே புரிகிறது. நான் பேசும்போது மட்டும் மூன்று தடவை, நாலு தடவை கேட்பான். பிறகு விட்டுவிடுவான். என்மேல் உள்ள வருத்தம்தான் என்று நினைத்து நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

போன மாதம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏதோ சொன்னேன். அவன் தட்டை நகர்த்திவிட்டு என் வாயையே பார்த்தான்.

"உன் மீசை மறைக்குதுப்பா. உதடே தெரியல."

ஐம்பத்து நாலு வருட மீசை. அன்று மத்தியானமே ஸ்டேஷன் ரோடு சலூனுக்குப் போய் எடுத்துவிட்டேன். மேலுதடு வெளுத்து, யாருடைய உதடோ போல இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மருமகள், "யாரோன்னு பார்த்தேன் மாமா," என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கினாள்.

மகன் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தான். செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தான். பிறகு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ம், சொல்லு," என்றான்.

காலையில் சொல்ல வந்தது என்னவென்றால், தண்ணீர் மோட்டார் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடுகிறது, எங்கோ ஒழுகுகிறது என்பது. அதைச் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் ஓடுது?" என்று கேட்டான்.